வேதியியல் படிக்கப் போறீங்களா? வாடகை அறையில் சோதனை செய்து பழகிய பி.சி.ரேயின் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

பிளஸ் 2 முடிச்சாச்சு. பி.எஸ்சி வேதியியலுக்கு விண்ணப்பமும் போட்டாச்சு. கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கு. இந்த இடைவெளியில் என்ன செய்யலாம்?

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து மாணவர்களுக்கும், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்து கீழே இறங்கி வந்து படிக்கப் போகும் மாணவர்களுக்கும் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். காரணம், கல்லூரி முதல் மாதத்திலேயே ஆய்வகத்துக்குள் போக வேண்டியிருக்கும். மோல், மோலாரிட்டி, சமன்பாடு, தரம்பார்த்தல் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத்தான் பாடம் தொடங்கும். அடிப்படை ஆடினால் அதுக்கு மேல வர்றது எல்லாமே ஆடும்.

இதை 140 வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்ட ஒருவர் இருந்தார். பெயர் பிரபுல்ல சந்திர ரே, சுருக்கமா பி.சி.ரே. இந்திய நவீன வேதியியலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே ரேதான். மேற்படிப்புக்கு வெளிநாடு போறதுக்கு முன்னாடி அவர் அடிப்படையை எப்படிப் பழகினார்? அது பின்னாளில் அவருக்கு எங்கே கைகொடுத்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பி.சி.ரே?

1861 ஆகஸ்ட் 2 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள ராருலி என்ற கிராமத்தில் பிறந்தவர் ரே. அப்பா ஹரிஷ் சந்திர ரே நிலக்கிழார். ஆனா நிலத்தை விட புத்தகத்தின் மேல் ஆர்வம் அதிகம் கொண்டவர். வீட்டிலேயே நூலகம் வைத்திருந்தார். ஊரில் பள்ளிக்கூடமும் நடத்தினார். ரே முதலில் படித்தது அந்தக் கிராமத்துப் பள்ளியில்தான்.

1870இல் குடும்பம் கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஹேர் பள்ளியில் சேர்ந்தார். எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது. 1874இல் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து படுத்த படுக்கையானார். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கே போக முடியவில்லை. அந்த நோயின் பாதிப்பு வாழ்நாள் முழுக்க அவர் உடம்பில் இருந்தது. கடைசிவரை மெலிந்த உடம்பு, அளவான சாப்பாடு, தவறாத நடைப்பயிற்சி என்றே வாழ்ந்தார்.

அந்த இரண்டு வருஷம் வீணாப் போச்சா? இல்லை. அப்பாவின் நூலகம்தான் அவருக்கு வகுப்பறை ஆனது. வரலாறு, அறிஞர்களின் வாழ்க்கை வரலாறு, இலக்கியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். லத்தீன் மொழியைத் தானே படிக்கத் தொடங்கினார். சக மாணவர்கள் அடுத்தடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்க, இவர் வீட்டில் உட்கார்ந்து அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார்.

1876இல் மீண்டும் பள்ளிக்கு வந்தார். இந்த முறை ஆல்பர்ட் பள்ளி. ஏதோ ஒரு காரணத்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் படிப்பு விட்டுப்போன மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ரேயின் கதை அங்கே நின்றுவிடவில்லை.

ஆய்வகம் இல்லாத கல்லூரி... என்ன செய்தார்?

பள்ளிப் படிப்பை முடித்து 1879இல் ரே சேர்ந்தது மெட்ரோபாலிட்டன் கல்லூரி. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நடத்திய கல்லூரி அது. கட்டணம் குறைவு, நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனா அறிவியல் பாடத்துக்கான வசதி இல்லை. அதனால் வேதியியல் வகுப்புக்கு மட்டும் கொல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வெளி மாணவராகப் போய் உட்கார்ந்தார்.

அங்கே பாடம் எடுத்தவர் அலெக்சாண்டர் பெட்லர். சோதனை செய்து காட்டுவதில் கெட்டிக்காரர். கண் முன்னே வாயு உருவாகும், நிறம் மாறும், தீ எரியும். இலக்கியத்தின் மேல் பெரிய ஆசை வைத்திருந்த ரே, வேதியியல் பக்கம் சாய்ந்தது இந்த வகுப்பில்தான்.

பார்த்ததோடு விட்டிருந்தால் அவரும் நூற்றில் ஒரு மாணவர். ரே அடுத்த படிக்குப் போனார். வகுப்பு நண்பர் ஒருவருடன் சேர்ந்து, அந்த நண்பர் தங்கியிருந்த அறையிலேயே ஒரு சின்ன ஆய்வகம் போட்டார். வகுப்பில் பெட்லர் செய்து காட்டியதை இங்கே திரும்பச் செய்து பார்ப்பார்கள். பாடப்புத்தகம் ஒன்று போதாது என்று வேறு வேறு ஆசிரியர்கள் எழுதிய வேதியியல் புத்தகங்களையும் தேடிப் படித்தார்.

அன்று நடந்த வெடிவிபத்து

ஒருநாள் தகரத்தில் ஊதுகுழல் ஒன்று செய்து, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து எரிக்கும் சோதனையைச் செய்ய முயன்றார்கள். கருவி பயங்கரமாக வெடித்துச் சிதறியது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

ஏன் வெடித்தது? ஹைட்ரஜன் காற்றோடு கலந்தாலே ஆபத்து. காற்றில் அதன் அளவு 4 சதவீதத்தில் இருந்து 75 சதவீதம் வரை எவ்வளவு இருந்தாலும் தீப்பிடிக்கும். தூய ஆக்சிஜனோடு கலந்தால் கேட்கவே வேண்டாம். கருவியில் சின்ன ஓட்டை இருந்தாலும், வாயுக்கள் தவறான இடத்தில் கலந்தாலும் கதை முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரே தப்பித்தது அதிர்ஷ்டம். அவர் செய்ததை நாம் வீட்டில் செய்யக் கூடாது. அமிலம், வாயு, தீ சம்பந்தப்பட்ட எந்தச் சோதனையும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் ஆய்வகத்தில் மட்டும்தான். வீட்டில் பாதுகாப்பாக எதைப் பழகலாம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

யாருக்கும் சொல்லாமல் எழுதிய தேர்வு

அந்தக் காலத்தில் கில்கிறிஸ்ட் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதி ஜெயித்தால் பிரிட்டனில் படிக்கலாம். இந்தியாவில் இருந்து வருஷத்துக்கு வெகு சிலருக்குத்தான் கிடைக்கும். பல மொழிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நோயில் படுத்திருந்தபோது விளையாட்டாகத் தொடங்கிய லத்தீன் இங்கே உதவியது. சமஸ்கிருதமும் பிரெஞ்சும் சேர்த்துக்கொண்டார். தான் தேர்வுக்குத் தயாராவதை நெருங்கிய ஓரிருவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் கசிந்தபோது சிலர் கிண்டலும் செய்தார்கள். முடிவு வந்தபோது, அந்த ஆண்டு தேர்வான இரண்டு இந்தியர்களில் ஒருவர் ரே.

1882இல் கப்பல் ஏறினார். வயது 21. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பேராசிரியர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். அந்தக் காலத்தின் பெரிய வேதியியலாளர்களில் ஒருவர்.

எடின்பரோவில் சாதித்தது என்ன?

1885இல் பி.எஸ்சி பட்டம். 1887இல் டி.எஸ்சி, அதாவது அறிவியல் முனைவர் பட்டம். ஆய்வின் பொருள் இரட்டை உப்புகள். தாமிரம், மெக்னீசியம் வகையைச் சேர்ந்த உலோகங்களின் சல்பேட்டுகள் ஒன்றோடு ஒன்று எப்படிச் சேர்ந்து படிகமாகின்றன என்பதை ஆராய்ந்தார்.

இரட்டை உப்பு என்றதும் ஏதோ புரியாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். பிளஸ் 2 ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்கும் வெளிர்பச்சை நிற மோர் உப்பு ஞாபகம் இருக்கா? ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட். அதுவும் ஒரு இரட்டை உப்புதான். ரே ஆராய்ந்த உப்புகளுக்கு நெருங்கிய சொந்தம்.

இடையில் 1885இல் இன்னொரு காரியமும் செய்தார். சிப்பாய் புரட்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா எப்படி இருந்தது என்ற தலைப்பில் பல்கலைக்கழகம் கட்டுரைப் போட்டி வைத்தது. பிரிட்டிஷ் ஆட்சியைக் காரமாக விமர்சித்து எழுதினார். பரிசு கிடைக்கவில்லை. ஆனா கட்டுரை கவனிக்கப்பட்டது.

1888இல் பல்கலைக்கழக வேதியியல் சங்கத்தின் துணைத் தலைவர் ஆனார். அதே ஆண்டு இந்தியா திரும்பினார்.

டாக்டர் பட்டம் இருந்தும் வேலை இல்லை

கையில் எடின்பரோ டாக்டர் பட்டம். இருந்தும் சுமார் ஒரு வருஷம் வேலை கிடைக்கவில்லை. உயர்ந்த சம்பளம் கிடைக்கும் கல்விப் பணியிடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலேயர்களுக்கு. இந்தியர்களுக்கு அதற்குக் கீழே உள்ள மாகாணப் பணி மட்டும். அந்தக் காலத்தில் நண்பர் ஜெகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். தாவரங்களைப் பற்றியும் ரேடியோ அலைகளைப் பற்றியும் ஆராய்ந்த அதே போஸ்தான்.

1889இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். தன் அளவுக்குத் தகுதி உள்ள ஆங்கிலேயருக்குக் கிடைப்பதை விட ரொம்பக் குறைவு. முறையிட்டும் பலன் இல்லை. அந்த வருத்தத்தைச் சுமந்துகொண்டே வேலையில் இறங்கினார்.

முதலாம் ஆண்டு வகுப்பை விரும்பி எடுத்த பேராசிரியர்

பெரிய பேராசிரியர்கள் மேல் வகுப்புகளை மட்டும் எடுப்பது வழக்கம். ரே அப்படி இல்லை. புதிதாகச் சேரும் மாணவர்களின் வகுப்பை விரும்பி எடுத்தார். தொடக்கத்தில் ஆர்வம் வந்துவிட்டால் மற்றது தானா வரும் என்பது அவர் கணக்கு. சோதனை இல்லாமல் பாடம் இல்லை. புரியாத இடத்தில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு வங்காளியில் விளக்குவார்.

எலும்பைச் சுட்ட சாம்பலை வகுப்புக்குக் கொண்டு வந்து, அதில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக் காட்டிய சம்பவம் பிரபலம். நன்றாகச் சுட்டபின் மிஞ்சுவது முக்கியமாகக் கால்சியம் பாஸ்பேட். அது மாட்டு எலும்பா, மனித எலும்பா என்ற கேள்விக்கே அங்கே இடம் இல்லை. அந்தக் காலத்து மாணவர்களுக்கு இது வேதியியல் பாடம் மட்டும் இல்லை.

நெய்யில் கலப்படம்... கடைக்காரரை நம்பவில்லை!

வேலைக்குச் சேர்ந்ததும் ரே முதலில் கையில் எடுத்த ஆராய்ச்சி ரொம்ப சாதாரணமானது: சந்தையில் விற்கும் நெய்யும் கடுகு எண்ணெயும் சுத்தமா, கலப்படமா?

கலப்படம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் சுத்தமான பொருள் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்குக் கடையில் வாங்கியதை நம்ப முடியாது. அதனால் தன் கண் முன்னே பால் கறக்க வைத்து வெண்ணெய் எடுத்தார். தன் கண் முன்னே கடுகை ஆட்டி எண்ணெய் எடுத்தார். அதைச் சோதித்து அளவுகோல் ஆக்கிக்கொண்ட பிறகுதான் சந்தைச் சரக்கைத் தொட்டார். சுமார் மூன்று ஆண்டு உழைப்பு. 1894இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியானது.

ஆய்வகத்தில் இதை ஒப்பீட்டுச் சோதனை என்று சொல்வோம். சந்தேகப் பொருளைச் சோதிக்கும் முன் தெரிந்த பொருளைச் சோதித்துப் பார்ப்பது. பிளஸ் 2 மாணவருக்கே தெரிந்த விஷயம்தான். அதை விடாமல் மூன்று வருஷம் செய்ததுதான் ரேயின் பலம்.

மஞ்சள் படிகம்: பெயர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 1895-96 காலம். ரேக்கு மெர்குரஸ் நைட்ரேட் என்ற உப்பு கொஞ்சம் அதிகமாகத் தேவைப்பட்டது. செய்முறை எளிது. பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, சூடு செய்யாமல் அப்படியே வைக்க வேண்டும்.

வைத்தார். பார்த்தால் பாதரசத்தின் மேல் மஞ்சளாகப் படிகம் படிந்திருந்தது. எதிர்பார்த்தது அது இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் அசுத்தம் என்று கழுவி ஊற்றியிருப்பார். காரத்தன்மை உள்ள உப்பாக இருக்குமோ என்று ரேயும் முதலில் நினைத்தார். ஆனா ஒரு இடம் இடித்தது. சுற்றிலும் இருப்பது நல்ல அமிலக் கரைசல். அமிலத்துக்குள் கார உப்பு எப்படி உருவாகும்? அடிப்படை தெரிந்தவருக்கு மட்டும்தான் இந்தச் சந்தேகம் வரும்.

உடனே செய்தது என்ன தெரியுமா? பெரிய கருவி எதையும் தேடவில்லை. உப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முதல்நிலைச் சோதனைகளைச் செய்தார். நம்ம ஊர் பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு என்று செய்கிறோமே, அதே வகைதான். ஒரு பக்கம் அது மெர்குரஸ் உப்பு என்று காட்டியது. இன்னொரு பக்கம் அது நைட்ரேட் இல்லை, நைட்ரைட் என்று காட்டியது.

அதாவது மெர்குரஸ் நைட்ரைட். மெர்குரஸும் சீக்கிரம் சிதையக்கூடியது, நைட்ரைட்டும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து நிலையான படிகமாக நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1896இல் கட்டுரை வெளியானது. லண்டனின் நேச்சர் இதழும் அதைக் குறிப்பிட்டது. அதன் பிறகு நைட்ரைட்டுகள் பற்றி மட்டும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அம்மோனியம் நைட்ரைட்டை ஆவி நிலையில் சிதையாமல் வைத்துக் காட்டியதை 1912இல் லண்டனில் அறிவித்தார்.

நைட்ரேட்டா, நைட்ரைட்டா: எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். நைட்ரேட்டில் மூன்று ஆக்சிஜன், நைட்ரைட்டில் இரண்டு. ஆனா சோதனைக்குழாயில் நடத்தை வேறு. நைட்ரைட் உப்பில் நீர்த்த அமிலம் விட்டாலே செம்பழுப்பு நிற வாயு வரும். நைட்ரேட் அதற்கு அசையாது. அடர் அமிலமும் சூடும் வேண்டும், அல்லது பழுப்பு வளையச் சோதனை செய்ய வேண்டும்.

இதை மனப்பாடம் செய்த மாணவருக்கும் கையால் செய்து பார்த்த மாணவருக்கும் உள்ள வித்தியாசம், எதிர்பாராத மஞ்சள் படிகம் ஒன்று முன்னால் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

700 ரூபாயில் தொடங்கிய கம்பெனி

1892இல் 700 ரூபாய் முதலோடு கொல்கத்தாவில் தன் வாடகை வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தைத் தொடங்கினார். பகலில் கல்லூரி, மாலையில் மருந்து தயாரிப்பு. மாட்டு எலும்பில் இருந்து பாஸ்பேட் எடுக்க, மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மொட்டை மாடியில் காயப் போட்டார். மழை பெய்து நாற்றம் கிளம்ப, காக்கைகள் எலும்பைத் தூக்கிப் பக்கத்து வீடுகளில் போட, அக்கம்பக்கத்தினர் சண்டைக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்தால், பிணத்தை எரிக்கிறார்களோ என்று போலீஸ் வந்து நின்றது.

1901இல் அது பெங்கால் கெமிக்கல் அண்ட் பார்மசூட்டிகல் ஒர்க்ஸ் என்ற லிமிடெட் கம்பெனி ஆனது. இன்றைக்கு மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். மருந்தும் பினாயிலும் இன்னும் தயாரிக்கிறது.

1902இல் இந்து வேதியியல் வரலாறு என்ற புத்தகத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார். பழைய சுவடிகளில் இருந்த உலோகவியல், மருந்துத் தயாரிப்பு முறைகளை உலகத்துக்குக் காட்டிய நூல் அது. 1916இல் மாநிலக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்று, கொல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குப் போனார். மேகநாத் சாகா, சத்யேந்திர நாத் போஸ் போன்றவர்கள் அவரிடம் படித்தவர்கள். 1924இல் இந்திய வேதியியல் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் இவர்தான்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. 60 வயதுக்குப் பிறகு கிடைத்த சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1922இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது நிவாரணப் பணிகளை முன்னின்று நடத்தினார். கல்லூரிக் கட்டடத்திலேயே ஒரு அறையில் எளிமையாக வாழ்ந்து, 1944 ஜூன் 16 அன்று அங்கேயே காலமானார். 2011இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் சங்கம் அவர் நினைவாக, ஐரோப்பாவுக்கு வெளியே முதல்முறையாகத் தன் நினைவுச் சின்னப் பலகையைக் கொடுத்தது.

இது கள்ளக்குறிச்சிக்கு ஏன் முக்கியம்?

2024 ஜூன் மாதத்தை இந்த ஊர் மறக்க முடியாது. கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் பார்வை பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் கிடந்தார்கள்.

எத்தனால், மெத்தனால் இரண்டும் தண்ணீர் மாதிரி நிறமற்ற திரவம். வாசனையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூலக்கூறில் எத்தனாலுக்கு இரண்டு கார்பன், மெத்தனாலுக்கு ஒரு கார்பன். அவ்ளோதான் வித்தியாசம். ஆனா உடம்புக்குள் போனதும் மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடு ஆகும், பிறகு ஃபார்மிக் அமிலம் ஆகும். அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்கி, உயிரையும் எடுக்கிறது. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ குடித்துப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி.

பாதிக்கப்பட்டவர்களுக்கு வேதியியல் தெரியாததுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. விஷத்தை விற்றவர்கள்தான் குற்றவாளிகள். ஆனா பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பொருள் ஒன்றல்ல என்பதுதான் வேதியியலின் முதல் பாடம். அதைத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் இருந்தால் அந்த வீட்டுக்கும் தெருவுக்கும் நல்லது.

வேலைவாய்ப்பையும் பார்ப்போம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தன்மையைச் சரிசெய்யாவிட்டால், சர்க்கரை குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைந்து படிகமாகாமல் வீணாகும். அதைக் கவனிப்பது ஆலை ஆய்வகத்தின் வேலை. மரவள்ளியில் இருந்து வரும் ஜவ்வரிசியும் இந்தப் பகுதியின் முக்கியப் பொருள். அதுவும் ஸ்டார்ச் வேதியியல்தான்.

கல்லூரிக்கு முன் பழக வேண்டிய 5 விஷயங்கள்

1. மோல் கணக்கு: 0.1 மோலார் ஆக்சாலிக் அமிலம் 500 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும்? படிக ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 126. அரை லிட்டருக்கு 0.05 மோல். 126 பெருக்கல் 0.05, விடை 6.3 கிராம். இதைப் பேப்பரில் யோசிக்காமல் போடும் அளவுக்குப் பழகுங்கள்.

2. சமன்பாட்டைச் சமன் செய்தல்: ஒரு ஆக்சாலிக் அமில மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. அதனால் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. எடுத்தால், அதே செறிவுள்ள ஆக்சாலிக் அமிலம் 10 மி.லி. போதும். பலர் இந்த ஒன்றுக்கு இரண்டு கணக்கை மறந்துவிட்டு 20 என்று எழுதுவார்கள். சமன்பாட்டை முதலில் எழுதினால் இந்தத் தவறு வராது.

3. அளவு பார்த்தல்: பியூரெட்டில் நிறமற்ற கரைசலின் மேற்பரப்பு வளைந்திருக்கும். வளைவின் அடிப்பகுதியை, கண் மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் மாதிரி அடர் நிறக் கரைசலுக்கு மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும்.

4. குறிப்பேடு: என்ன செய்தேன், என்ன பார்த்தேன், அதில் இருந்து என்ன முடிவுக்கு வந்தேன் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மஞ்சள் படிகம் என்பது பார்த்தது. நைட்ரைட் என்பது முடிவு. இரண்டையும் கலக்கக் கூடாது.

5. பாதுகாப்பு: நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை மெதுவாக விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை விடவே கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது.

பள்ளியில் ஆய்வகம் சரியா கிடைக்கலையா?

மலைப்பகுதி மாணவர்கள் பலர் சந்திக்கும் சிக்கல் இது. கண்ணாடிக் கருவி இல்லாமலே உற்றுப் பார்க்கும் பழக்கத்தை வளர்க்க வீட்டிலேயே சில வழிகள் இருக்கின்றன.

ஜவ்வரிசியைக் கொஞ்சம் தண்ணீரில் வேக வைத்து, ஆற விட்டு, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலம் ஆகும். பக்கத்தில் வெறும் தண்ணீரிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிடுங்கள். அதுதான் ரே கடுகு எண்ணெயில் செய்த ஒப்பீடு. பிறகு கஞ்சியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த இடத்தில் நிறம் மறைகிறது என்று எழுதுங்கள்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் துணியில் தடவிக் காய வையுங்கள். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். கல்லூரியில் ஃபீனால்ஃப்தலீன் செய்வதும் இதே நிறங்காட்டி வேலைதான்.

கல்வராயன் மலையில் சேகரிக்கும் கடுக்காயைப் பொடித்து ஊற வையுங்கள். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஒரு நாள் போட்டு வைத்து, அந்த நீரில் சில சொட்டு கடுக்காய் நீரில் விடுங்கள். கறுக்கும். கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. பீனாலுக்கு ஃபெரிக் குளோரைடு சோதனை என்று கல்லூரியில் செய்யப் போவதும் இந்த வகைதான். இதில் பயன்படுத்திய எதையும் வாயில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

இதற்கு ஒரு நோட்டும் தினம் ஒரு மணி நேரமும் போதும். முதல் வாரம் மோல் கணக்கு, இரண்டாவது வாரம் சமன்பாடு, மூன்றாவது வாரம் பிளஸ் 1, பிளஸ் 2 செய்முறைக் கையேட்டை மறுபடி ஒருமுறை. தமிழ்வழியில் படித்தவர்கள் வீழ்படிவு, தரம்பார்த்தல், நிறங்காட்டி போன்ற சொற்களுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஒரு பக்கப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் முதல் நாளே உதவும்.

ரேயும் கிராமத்துப் பள்ளியில் தாய்மொழியில் தொடங்கியவர்தான். நோயால் இரண்டு வருஷம் பள்ளியை இழந்தவர்தான். ஆய்வகம் இல்லாத கல்லூரியில் படித்தவர்தான். கப்பல் ஏறும் முன் அவர் கையில் இருந்தது, திரும்பத் திரும்பச் செய்து பழகிய அடிப்படை வேதியியல். அதை நீங்களும் இந்த சில வாரத்தில் தொடங்கலாம்.